தொகுப்பியின் விடைத்தாளைத் திருத்துதல்

(கல்லூரிக் கணினிப் பிரிவு மாணவர் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)



தமிழாசிரியனுக்கும் தொகுப்பிக்கும் என்ன உறவு என்று முன்வரிசையில் இருவர் தம்முள் வினவிக்கொண்டது என் காதில் விழுந்தது. முறையான வினாவே. முப்பதாண்டுகளாக நான் மிகுதியாகச் செய்துவந்த வேலை விடைத்தாள் திருத்துவது. இன்று பேசப்போவதும் அதுபற்றியே.

என் பழைய மாணவர் ஒருவர், குனூ தொகுப்பியின் புதிய பதிப்பொன்றை இலினக்சிலிருந்து விண்டோசு இயங்குதளத்திற்குப் பெயர்த்து நடும் வேலையில் இருக்கிறார். நாற்றைப் பெயர்த்து நடுவதுபோல் இதனையும் வேரறாமல் நடவேண்டும். தேர்வு முடிவுகளைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழ் வேண்டுமென்று அவர் என்னிடம் வந்தார். பொருள் தெரியாமல் பெயர் வைப்பது எங்ஙனம்? பொருள் கேட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே கழிந்தன.

நாம் எழுதும் சி மொழி நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தருவது தொகுப்பி. குனூ தொகுப்பியை இரிச்சர்டு சுட்டால்மன் 1987-இல் முதன்முதலாக வெளியிட்டார். இன்று அதனுடன் பல்லாயிரம் சிறு நிரல்கள் அடங்கிய தேர்வுக்கோவையும் வருகிறது. தேசாகுனூ என்னும் கருவி அவற்றை ஓட்டி, ஒவ்வொன்றிற்கும் முடிவு எழுதுகிறது. தேர்ச்சி, தோல்வி என்னும் இரண்டோடு முடிந்திருந்தால் என் வேலை எளிது. எதிர்பார்த்த தோல்வி, எதிர்பாராத் தேர்ச்சி, தீராமை, ஓட்டப்படாமை, பொருந்தாமை என்றும் உள்ளன. இவ்வேழையும் தமிழாக்கியபோதுதான், தேர்வு முடிவைப் படிப்பது எண்ணிப் பார்ப்பதன்று என்பது எனக்கு விளங்கிற்று.

மாணவர் முதலில் என்னிடம் காட்டியது தோல்விகளின் எண்ணிக்கையை. முகம் வாடியிருந்தது. "இலினக்சில் எத்தனை?" என்றேன். அங்கும் தோல்விகள் உண்டாம். முறையாக வெளியிடப்பட்ட பதிப்புகளிலும் உண்டாம். அப்படியானால் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அழுவதிலோ சிரிப்பதிலோ பயனில்லை. அதே பதிப்பின் இலினக்சு முடிவையும் விண்டோசு முடிவையும் அருகருகே வைத்து, பெயர்பெயராக ஒப்பிடவேண்டும். அங்கே தேறி இங்கே தோற்றவை எவை என்பதே வினா.

ஒப்பிட்டார். தோற்றவற்றுள் ஒரு கூட்டம் இத்தகையது: நினைவக முகவரியொன்றை 'லாங்' என்னும் எண்வகையில் இட்டு, மீண்டும் எடுத்துப் பார்க்கும் நிரல்கள். 64 பிட்டு இலினக்சில் 'லாங்' 8 பைட்டு. முகவரியும் 8 பைட்டு. இட்டது முழுமையாகத் திரும்பும். 64 பிட்டு விண்டோசில் முகவரி 8 பைட்டே. 'லாங்' 4 பைட்டு. மரக்காலில் கொள்வதை நாழியில் அளந்தால் மிஞ்சியது தரையில் சிந்தும். இங்கே தவறியவர் யார்? தொகுப்பி அன்று. 'லாங்' முகவரியைத் தாங்கவேண்டும் என்று சி மொழியின் இலக்கணம் எங்கும் கூறவில்லை. குறைந்தது 32 பிட்டு இருக்கவேண்டும் என்பதே விதி. வினாத்தாள் எழுதியவர் தம் ஊர் வழக்கை உலக இலக்கணம் என்று எண்ணிவிட்டார். அத்தகைய நிரலில் முகவரி அளவுக்கெனவே அமைந்த எண்வகையை இட்டுத் திருத்தவேண்டும். அல்லது, இது இன்ன அளவுள்ள களத்திற்கே உரியது என்று நிரலின் தலையில் குறிக்கவேண்டும். குறித்தால் விண்டோசில் அது 'பொருந்தாமை' ஆகும்.

வேறு சில இயங்குதளத்தின் பால் வருவன. இலினக்சில் அடுக்குக்கு வழக்கமாக 8 மெகாபைட்டு இடம். விண்டோசில் இயல்பாகக் கிடைப்பது 1 மெகாபைட்டு. தன்னைத்தானே ஆழமாக அழைத்துக்கொண்டு செல்லும் நிரல் அங்கே நின்று இங்கே விழும். புதுக்களத்தின் தலைப்புக் கோப்பொன்று தேவையற்ற எச்சரிக்கை ஒன்றை உமிழ்ந்தாலும் போதும், 'மிகைச்செய்தி' என்று தோல்வி விழும். ஒரே கரணியத்தால் நூறு தோல்விகள். கட்டுக்கட்டாகத் தோற்றால் முதலில் பொதுக் கரணியத்தைத் தேடுக.

உண்மையிலேயே தொகுப்பியின் தவறு எதுவென்று அறிய நல்ல குறியொன்று உண்டு. நிரல்களுட் பல, உகப்பாக்கம் இன்றி ஒருமுறையும், படிப்படியாக உகப்பாக்கம் கூட்டிப் பலமுறையும் ஓட்டப்படுகின்றன. எல்லாப் படியிலும் தோற்றால் நூலகத்தின்மேலோ நிரலின்மேலோ ஐயம் கொள்ளலாம். முதற்படியில் தேறி இரண்டாம் படியில் மட்டும் தோற்றால் தொகுப்பியின்மேல் ஐயம் கொள்க. அந்த ஒற்றை வரியை விட்டுவிடாதீர்கள்! தொகுப்பி தவறாக மாற்றிய கணக்கு, ஒருநாள் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கிலோ மருத்துவக் கருவியிலோ பிழையாக வந்து நிற்கும். நிரல் எழுதியவர் தம் எழுத்தையே மாதக்கணக்கில் துருவிக்கொண்டிருப்பார்.

தேர்ச்சியையும் நம்பிவிடக் கூடாது என்று நான் சொன்னால் மிகையெனத் தோன்றலாம். 64 பிட்டு இலினக்சில் ஒரு செயற்கூறுக்குச் செல்லும் முதல் ஆறு முழுவெண்கள் பதிவகங்களில் செல்கின்றன. விண்டோசில் முதல் நான்கு உள்ளீடுகள் மட்டுமே அங்ஙனம் செல்லும். தொகுப்பி இம்மரபைத் தவறாகக் கொண்டது என வைத்துக்கொள்வோம். அழைப்பவனையும் அழைக்கப்படுபவனையும் அதே தொகுப்பி மாற்றியிருந்தால் இருவரும் ஒரே தவற்றைச் செய்வர். விடை சரியாகவே வரும்! பார்த்து எழுதிய இருவரின் விடைகள் ஒத்திருப்பதுபோல. ஒரு பாதியை அக்களத்தின் வேறொரு தொகுப்பிகொண்டு மாற்றி, இரண்டையும் இணைத்து ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும். குனூ கோவையிலேயே இதற்கு வழி செய்துள்ளனர். பலர் அதனைப் பயன்கொள்வதில்லை என்பது என் மாணவரின் வருத்தம்.

இனி, எனக்கு நெஞ்சில் தைத்த செய்தி. ஓராண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்து, தோற்றவர் பட்டியலை மும்முறை சரிபார்த்து ஒட்டினேன். மறுநாள் ஒரு சிறுமி வந்து, "ஐயா, என் பெயரே எதிலும் இல்லையே" என்றாள். அவள் தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. தோற்றவர் பட்டியலில் அவள் இல்லாததால் எனக்கு ஐயமே எழவில்லை. பெயர் விடுபட்ட ஒரு நாள் முழுதும் அவள் வீட்டில் என்ன பாடுபட்டாளோ, நான் கேட்கத் துணியவில்லை.

தேர்வுக்கோவையிலும் இது நிகழ்கிறது. தேர்வை நடத்தும் குறிப்புக் கோப்பில் ஓர் இடத்தில் பிழை நேர்ந்தால், அக்கோப்பின் எஞ்சிய தேர்வுகள் ஓடுவதில்லை. அவை தோல்வியாகா, பொருந்தாமையும் ஆகா, பட்டியலிலேயே இரா. தோல்வி எண்ணிக்கை குறையும்! குனூ தொகுப்பியுடன் வரும் ஒப்பீட்டு நிரலொன்று, முன்பு தேறி இப்போது மறைந்துபோன தேர்வுகளைத் தனியே பட்டியலிட்டு, அத்தலைப்பின் பக்கத்தில் 'ஈக்!' என்று அலறுகிறது. ஆங்கிலத்தில் அஃது எலியைக் கண்டவர் எழுப்பும் ஒலி. எழுதியவர் பட்டறிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

'எதிர்பார்த்த தோல்வி' என்று முத்திரை குத்துவதைப் பற்றியும் ஒரு சொல். கரணியம் அறிந்து, பிழைப்பதிவின் எண்ணையும் எழுதிக் குத்தினால் அது நேர்மை. வெளியீட்டு நாள் நெருங்குகிறதே என்று குத்தினால், தோற்ற பிள்ளையை வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கித் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்துவதற்கும் அதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

மாணவர் இரண்டாம் ஞாயிறு ஓர் ஓட்டத்தின் முடிவை மகிழ்ச்சியோடு காட்டினார். தோல்விகள் முந்திய ஓட்டத்தினும் பெரிதும் குறைந்திருந்தன. மறைந்தவற்றைப் பார்த்தீரா என்றேன். பார்க்கவில்லை. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். ஒரு கோப்பு முழுதும் இல்லை. அன்றிரவே பிழை திருத்தி மீண்டும் ஓட்டினார். காலையில் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, தோல்வி பழையபடி ஏறிவிட்டது, எல்லாம் வந்துவிட்டன" என்றார்.

இனி நீங்கள் வினவலாம்.