சொல்லை எழுத்தாக்கும் கருவியும் நம் மாணாக்கரும்
(மருதமுனையில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



பாடம் முழுவதும் நெஞ்சில் இருந்தும், எழுத இயலாமையாற் பரீட்சையிற் பின்தங்கும் பிள்ளைகள் நம்மிடையே உளர். கண்ணொளி குன்றியோர், கைவலு இழந்தோர், எழுத்துக் கூட்ட இடர்ப்படுவோர் ஆகிய இவர்களை முன்னிட்டே இன்று சில வார்த்தைகள் பேச விழைகின்றோம்.

ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுதல் நமக்குப் புதிதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் செய்யுள் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதினர். இந்திய அரசு 2018ஆம் ஆண்டில் வகுத்த நெறிமுறைகள், எழுத இயலாத பரீட்சார்த்திக்காக எழுதுவோர் ஒருவரையும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத மேலதிக நேரத்தையும் அனுமதித்தன. அவ்வெழுதுவோரின் இடத்துக்கு இன்று கருவியும் வந்து நிற்கின்றது. 2017இல் கூகிள் நிறுவனம் குரல்வழி எழுதும் வசதியில் தமிழையும் சேர்த்தது. 2022இல் வெளிவந்த விஸ்பர் என்னும் கருவி, பல மொழிகளில் 680,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு பழக்கப்பட்டது. அவற்றுள் தமிழும் ஒன்று.

இக்கருவி செய்வது யாது? ஒலியை நுண்ணிய கூறுகளாகப் பிரித்து, அதற்குப் பொருந்தும் சொல் எதுவாயிருக்கும் என ஊகித்து எழுதுகின்றது. அவ்வூகமே அதன் வலிமை, குறையும் அதுவே. 'மளை' என்று ஒலிக்கும் பிள்ளைக்கும் அது 'மழை' என்றே எழுதிக் கொடுக்கக்கூடும். சரித்திரமோ விஞ்ஞானமோ சோதிக்குமிடத்து இஃது உதவி. சொல்வதெழுதலையும் வாசிப்பையும் சோதிக்குமிடத்தோ, பரீட்சைக்குத் தோற்றியது பிள்ளையன்று, கருவியே! ஆதலின், எதனைச் சோதிக்கின்றோம் என்பதை முதலில் தெளிதல் ஆசிரியர் கடன்.

மற்றொன்றும் உண்டு. நம் பகுதியிலே 'மறுகா' என்போம், 'கிறுகி' என்போம். இவ்வழக்கைக் கேட்டறியாத கருவி வேறொரு சொல்லை எழுதிவிடும். சரியான விடை சொன்ன பிள்ளை புள்ளியை இழக்கும். ஆகவே, கருவி எழுதியதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டித் திருத்த இடமளித்தல் வேண்டும். குரற்பதிவையும் காத்து வைத்தல் வேண்டும். பரீட்சை நாளன்று கருவியை முதன்முறையாகக் கையிற் கொடுத்தல் தகாது. வகுப்பிலேயே பல மாதம் பழக்குதல் வேண்டும். சந்தடியற்ற தனியறையும் வேண்டும்.

வாலிபர்களே! பழந்தமிழர் யாழின் ஒலியை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலைத் தந்த விபுலாநந்த அடிகள், அருகிலுள்ள காரைதீவிற் பிறந்தவர். அவர் பிறந்த கரையின் பேச்சு, கருவியின் செவிக்கு அந்நியமாய் இருக்கலாமா? மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' என்னும் பொதுக் குரற்களஞ்சியத்தில் தமிழுக்கும் இடமுண்டு. எவரும் தம் குரலை வழங்கலாம். தறியில் நூல் ஏற்றாது புடைவை எதிர்பார்ப்பாருண்டோ? மருதமுனை நெசவாளர் அறியாததன்று இது. இந்து, முஸ்லிம் என்ற பேதமின்றி, முதியோரும் இளையோரும் நம் குரலை நல்குவோமாக. நாம் இன்று நல்கும் குரல், நாளை எழுத இயலாத ஒரு பிள்ளைக்குக் கையாகும்.