ஆகாரக் கணக்கு
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



வரவு செலவுக் கணக்கெழுதுவதில் நம்மவர்க்குள்ள சாமர்த்தியத்தை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு காசு குறையினும் பேரேட்டை மூடாத நாம், தினந்தோறும் வயிற்றுக்குட் செல்லும் வரவை மாத்திரம் எழுதிப் பார்ப்பதில்லை. 2023-ஆம் வருஷம் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவுடையோரென மதிப்பிட்டது. ஸ்தூல சரீரம் அந்நோய்க்கு வாயில் திறந்து வைப்பதாம். குடும்பத்தைத் தாங்கும் ஒருவர் படுத்துவிட்டால் கடையும் படுத்துவிடும் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகாரம் தரும் சக்தியைக் கலோரி என்னும் அளவாற் கூறுவர். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், புரதம் 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தரும். இது வரவு. செலவை அறிய 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் உதவும். எடையைக் கிலோவிற் கண்டு 10-ஆலும், உயரத்தைச் சென்டிமீட்டரிற் கண்டு 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டுக. வயதை 5-ஆற் பெருக்கிக் கழிக்க. பின்னர் ஆடவர்க்கு 5 கூட்டுக, பெண்டிர்க்கு 161 கழிக்க.

கல்லாவில் அமர்ந்திருக்கும் 45 வயதினர் ஒருவர், 165 சென்டிமீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உடையவரென வைத்துக்கொள்வோம். அவர்க்கு வருந்தொகை ஏறக்குறைய 1,611. இது அசையாதிருப்பினும் ஆகும் செலவு. உழைப்புக் குறைந்தவராதலின் 1.2-ஆற் பெருக்க, 1,933 ஆகும். நாளொன்றுக்கு 500 குறைத்து 1,433 கலோரி உண்பாராயின், முதற்கண் வாரத்திற்கு அரைக் கிலோ அளவில் எடை குறையலாம். எடை குறையக் குறையச் செலவுங் குறைதலின், கணக்கை மீண்டும் போடவேண்டும்.

அதிற் பாதியை மாவுச்சத்துக்கு ஒதுக்கின், 716-ஐ 4-ஆல் வகுக்கச் சுமார் 180 கிராம் கிடைக்கும். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து உளது. மூன்று வேளையும் நூறு நூறு கிராம் அரிசி உண்டால் 234 கிராம் ஆகிவிடும். இரு வேளைக்கு 75 கிராம் வீதம் அரிசி கொண்டால் 117 கிராமே ஆகும். எஞ்சிய 63 கிராம் பருப்பு, காய், பால், கனி இவற்றுக்காம். நான்கு வேளைக் காப்பியில் இவ்விரண்டு கரண்டிச் சர்க்கரை சேர்ப்பின், கரண்டிக்கு 5 கிராம் வீதம் 40 கிராம் அதிலேயே போய்விடும்!

மீந்ததை வீணாக்கலாகாதென்று உண்டு தீர்க்கும் நம் தாய்மாரும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். ஆயின் பட்டினி கிடத்தல் மருந்தாகாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் வைத்தியரைக் கேளாது ஆகாரத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாய்த் தாழக்கூடும். கர்ப்பவதிகளும் குழந்தைகளும் இம்முறையைக் கைக்கொள்ளலாகாது.

நமது சங்கக் கட்டிடத்தில் எடை காணும் கருவியொன்றும், உயரம் அளக்கும் கோலொன்றும் வைக்கவேண்டுமென இக்கூட்டத்தாரை விண்ணப்பிக்கின்றோம்.