புரோட்டான் கணக்கு



நம் தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில், கல்லைப் பிடித்து இறங்குபவர் நேரே அடிக்குப் போய்த்தான் சிப்பி எடுப்பார். புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சையும் ஏறக்குறைய அப்படித்தான்.

புரோட்டான் என்பது ஹைட்ரஜன் அயனி. உடலுக்குள் பாயும்போது வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களைக் கிளர்த்தியும் பிய்த்தும் ஆற்றலை இழக்கிறது. வேகம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவருகிலும் கூடுதல் நேரம் இருப்பதால் இழப்பு கூடும். நிற்கப்போகும் இடத்தில் மிக அதிகம். எக்ஸ்ரேயோ கட்டியைத் தாண்டியும் போகும். இந்த இழப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை ஹான்ஸ் பெதே 1930இல் தந்தார்.

சென்னை அப்போலோவில் 2019 முதல் இச்சிகிச்சை உண்டு. எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஆனால் வீட்டில் யாருக்காவது கதிர்வீச்சு என்றால், "கட்டிக்கு அப்பால் எவ்வளவு படும், டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

வங்கியில் இருந்தவன் சொல்கிறேன்: கணக்குக் கேட்பது தப்பில்லை.