தோட்டாவின் தரம் யார் கையில்?

(நெய்வேலி நகரியத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

இன்று தோட்டாவைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் உங்களில் சிலர் வியப்படைந்தீர்கள். நெய்வேலியில் நாம் தோண்டுவது பழுப்பு நிலக்கரி, உண்டாக்குவது மின்சாரம். தோட்டாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. சுரங்க வாசலில் காவல் நிற்கும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கியை நாம் தினமும் பார்க்கிறோம். அதிலுள்ள தோட்டாவைச் செய்கிறவனும் நம்மைப்போல் ஷிப்டுக்குப் போய்வருகிற தொழிலாளிதான். அவன் பிரச்னை எதுவோ அதுவே நம் பிரச்னையும் ஆகும்.

கைத்துப்பாக்கித் தோட்டா நான்கே பொருள்களால் ஆனது. பித்தளைக் கூடு, அதன் அடியில் ஒரு சிறு கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. தீபாவளிக்குப் பிள்ளைகள் தட்டுகிற கேப்பைப் போல இந்தக் கேப்பும் தட்டினால் தீப்பிடிக்கும். அத்தீ மருந்தைப் பற்றும். வாயு பொங்கிக் குண்டைத் தள்ளும். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா ஒன்றில் மருந்து அரைக் கிராமுக்கும் குறைவு. பதினைந்து இருபது அரிசி மணியின் எடைதான்! ஆனால் சுடும் கணத்தில் அது உண்டாக்கும் அழுத்தம் காற்றின் அழுத்தத்தைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். நம் பாய்லர்கள் தாங்குகிற அழுத்தத்தைவிட இது பல மடங்கு அதிகம்.

இத்தனை சிறிய பொருளில் தவறு எப்படி நேருகிறது? மருந்து விழாமல் போனால் கேப் மட்டும் வெடிக்கும், ‘டப்’பென்று மெல்லிய சத்தம் கேட்கும், குண்டு குழாயின் நடுவே சிக்கிக்கொள்ளும். அதைக் கவனியாமல் அடுத்த முறை சுட்டால் குழாயே பிளக்கலாம். மருந்து இரட்டிப்பாக விழுந்தால் கூடு கிழிந்து, துப்பாக்கி கையிலேயே சிதறலாம். கேப்பைச் சரியாக அழுத்தாமல் விட்டாலோ, ஈரம் பட்டு அது நமுத்துப்போனாலோ தோட்டா வெடிக்கவே வெடிக்காது. ஆபத்து வேளையில் வெடிக்காத தோட்டா, அதை நம்பி நிற்கிறவன் உயிருக்கு உலை வைக்கும்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தை அளந்து பார்த்து அனுப்பலாம். பம்பை ஓட்டிப் பார்த்து விற்கலாம். தோட்டாவைச் சுட்டுப் பார்த்தபின் விற்க முடியுமா? சுட்டால் அது முடிந்தது! நீளத்தையும் விட்டத்தையும் ஒவ்வொன்றிலும் அளக்கலாம். ஆனால் வெடிக்குமா என்பதை, ஒரு தொகுதியிலிருந்து சிலவற்றை எடுத்துச் சுட்டுத்தான் ஊகிக்க வேண்டும். மற்றவையெல்லாம் நம்பிக்கையின் பேரில் பெட்டியில் ஏறுகின்றன. ஆகவே தோட்டாவின் தரம் கடைசியில் நிற்கும் இன்ஸ்பெக்டரின் மேஜையில் பிறப்பதில்லை. மருந்து போடுகிற, கேப் அழுத்துகிற தொழிலாளியின் கையிலேதான் பிறக்கிறது.

நம் நாட்டின் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்லுவோம். வெள்ளைக்காரன் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடித்துக் கீறல் விட்டன. பருவ மழையோடு வந்ததால் அதற்குப் ‘பருவக் கீறல்’ என்றே பெயர் வைத்தார்கள். 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் உண்மையை வெளியிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா ஒரு காரணம். பித்தளையை இழுத்து இழுத்துக் கூடாக்கியபோது அதனுள் தங்கிவிட்ட இறுக்கம் மற்றொரு காரணம். பரிகாரம் என்ன? கூட்டை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது. அவ்வளவுதான்! அவசரத்தில் அந்த ஒரு வேலையைத் தள்ளிவிட்டால் அன்றைக்கு எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாது. பல மாதம் கழித்து, எங்கோ ஒரு கிடங்கில் தெரியவரும்.

தோழர்களே! புனேயை அடுத்த கிர்க்கியில் வெடிபொருள் தொழிற்சாலை 1869-ல் அமைந்தது. அங்கே செய்த தோட்டாவின் அடியில் கே.எப். என்ற எழுத்துக்கள் பொறித்திருக்கும். நீலகிரியில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாக உந்து மருந்து தயாரித்து வருகிறது. இந்த ஆலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைத்திறன் வளர்ந்திருக்கிறது.

குறையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. 2017-ல் பார்லிமெண்டின் முன் வைத்த தணிக்கை அறிக்கை, அரசாங்க ஆயுதத் தொழிற்சாலைகள் அளித்த வெடிபொருள்களின் தரக் குறைவைக் கண்டித்தது. அது கைத்துப்பாக்கித் தோட்டாவை மட்டும் பற்றியதல்ல; ஆனால் பாடம் ஒன்றே. தொழிலாளி தவறு செய்தால் மூடி மறைப்பது நம் வேலையல்ல. கெட்ட தோட்டா யாரைக் கொல்லும்? ராணுவ வீரனை, போலீஸ்காரனை! அவனும் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைதான்.

ஆனால் குறையின் வேர் எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை எண்ணிக்கையைத்தான் தேடும். ஆண்டு முடிவில் இலக்கை எட்டு, எட்டு என்று விரட்டினால், சந்தேகம் வந்த தொகுதியை ஒதுக்கி வைக்க எவனுக்குத் துணிவு வரும்? தேய்ந்த அச்சை மாற்ற ஒரு நாள் மிஷினை நிறுத்தியவனுக்குப் பாராட்டா கிடைக்கிறது? மெமோ கிடைக்கிறது!

இதற்கு அரசாங்கம் கண்ட மருந்து என்ன? 2021 அக்டோபர் 1-ந் தேதி 41 ஆயுதத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது. அவற்றின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய முற்பட்டபோது, அதே ஆண்டில் வேலைநிறுத்தத்தையே தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. ஓராண்டுக்கென்று வந்த சட்டம்தான். ஆனால் அது தொழிலாளிக்குச் சொன்ன சேதி என்ன? ‘வாயை மூடிக்கொண்டு வேலை செய்’ என்பதே. வாயை மூடிய தொழிலாளியிடமிருந்து நல்ல தோட்டா எப்படி வரும்? பெயர்ப் பலகையை மாற்றினால் தேய்ந்த அச்சு புதிதாகிவிடுமா?

நெய்வேலியில் இருக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2020-ல் மே 7-ந் தேதியும் ஜூலை 1-ந் தேதியும் இரண்டாம் அனல் மின்நிலையத்தில் நடந்த பாய்லர் விபத்துக்களை நாம் மறக்கவில்லை. நம் தோழர்களைச் சுட்ட புண்ணோடு தூக்கிச் சென்றோம். பலர் திரும்பி வரவில்லை. தோட்டாவானாலும் பாய்லரானாலும், உள்ளே அடைபட்ட அழுத்தம் யாருடைய அவசரத்துக்கும் இணங்காது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, சந்தேகம் வந்தால் மிஷினை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். நிறுத்தியதற்காகத் தண்டனை கூடாது. இரண்டு, தரம் பார்ப்பவர் உற்பத்தி இலக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்கக்கூடாது. மூன்று, எந்தத் தொகுதியில் என்ன குறை கண்டது என்ற கணக்கு அதைச் செய்த தொழிலாளியின் பார்வைக்கு வர வேண்டும். எங்கே தவறியது என்று அறியாதவன் எப்படித் திருத்திக்கொள்வான்?

இவை சலுகைகள் அல்ல, தோழர்களே! துப்பாக்கி பிடித்திருக்கிற கைக்கும், அதைச் செய்து கொடுத்த கைக்கும் உரிய பாதுகாப்பு. இந்தக் கோரிக்கையை இங்கே நம் ஷிப்டிலும் எழுப்புவோம். அருவங்காட்டிலும் கிர்க்கியிலும் எழுப்புகிற தோழர்களுக்குத் துணை நிற்போம்.