கணனிக்கும் காவல் வேண்டும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உத்தியோகம் என்றால் ஆசிரியர், லிகிதர், டாக்டர் என்றே நம் பெற்றோர் அறிவர். நாட்டின் கணனிகளைக் காப்பதும் ஓர் உத்தியோகம் என்று நான் சொன்னபோது, "அதுக்குமா காவக்காரன் வேணும், தம்பி?" என்று என் அன்னையார் வியந்தார்.

அக்காவலுக்கு இந்நாட்டில் வழி சமைத்தவர்களுள் முதல்வராகச் சொல்லத்தக்கவர் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க. லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்ற அன்னார் அங்கேயே தங்கிவிடவில்லை. கொழும்புக்குத் திரும்பிப் பல்லாண்டு கற்பித்தார்; கணனிக் கல்விக்கு நிறுவகமும் அமைத்தார். அவர் தலைமை வகித்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் கீழேதான், 2006ஆம் ஆண்டில், கணனி அவசரத் தயார்நிலைக் குழுவாகிய 'செர்ட்' தோன்றியது. மறு ஆண்டே அவர் காலமானார். 2007இல் கணனிக் குற்றச் சட்டம் வந்தது. 2015இல் புடாபெஸ்ட் சர்வதேச உடன்படிக்கையில் தென்னாசியாவிலேயே முதலாவதாக இலங்கை சேர்ந்தது.

இவ்வளவு இருந்தும் நடந்ததைக் கேளுங்கள். 2023 ஆகஸ்டில் கப்பம் கேட்கும் மென்பொருளொன்று அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமைக்குள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவேயில்லை. காரணம் பெரிய மர்மமன்று. மென்பொருள் பழையது, புதுப்பிக்கும் வேலை தள்ளிப்போயிற்று. மாற்றுப் பிரதியோ அதே வலையமைப்பிலேயே இருந்தமையால் அதுவும் பூட்டுண்டது. மிஷன் பாடசாலையில் படித்தவனாதலால், விளக்குக்கு வேறாக எண்ணெய் எடுத்துச் செல்லாத ஐந்து கன்னியரின் கதையே எனக்கு நினைவுக்கு வந்தது. வேறோரிடத்தில், இணைப்பின்றி, ஒரு பிரதி வைத்திருந்தால் போதும். அதை நாள்தோறும் சலிப்பின்றிச் செய்யும் ஆளைத்தான் நாடு தேடுகிறது. அவ்வேலைக்குப் புகழில்லை, சம்பளமும் வெளிநாட்டில் கிடைப்பதைவிடக் குறைவே. இதை நான் மறைக்க மாட்டேன்.

நான் ஏன் இதிலே மனம் வைத்தேன்? தோட்டத்திலே கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அப்பாயிக்குச் சேமலாப நிதி வந்தது. யாரோ ஒருவன் தொலைபேசியில் இனிய தமிழில் பேசி, "பரிசு விழுந்திருக்கிறது, வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்றான். சொன்னார். மறுநாள் கணக்கில் எஞ்சியது சில நூறு ரூபாய்தான். அவன் அவருடைய மொழியிலேயே பேசினான். எச்சரிக்கை மாத்திரம் அவருக்குப் புரியாத மொழியில் வந்திருந்தது. அந்த மொழியறிந்த காவலர் நம்மிடமிருந்துதான் போகவேண்டும். இறுதியாண்டு முடிந்ததும் நான் அரசாங்க சேவைக்கே விண்ணப்பிக்கப் போகிறேன். அன்னையார் இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை.

கூட்டம் முடிந்தபின் பின்வரிசை மேசையில் இருப்பேன். பெரியோர்கள் தங்கள் தொலைபேசிகளைக் கொண்டு வாருங்கள். இரகசிய இலக்கத்தை மாத்திரம் என்னிடமும் சொல்ல வேண்டாம்.