முடக்கத்தான்: ஒரு வேலிக்கொடியின் பெயர்



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியரிடம் நான் இரண்டு ஆண்டுகள் தாவரவியல் படித்தேன். முதல் வகுப்பில் அவர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. சட்டைப்பையிலிருந்து காய்ந்த முடக்கத்தான் காய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “அழுத்து” என்றார். பட்டென்று உடைந்தது. உள்ளே மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை. மிளகைப் போன்ற கறுப்பு உருண்டை. அதன்மேல் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளையாக ஓர் இதய வடிவம். விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தின் தழும்பு அது.

லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் இக்கொடி ‘கார்டியோஸ்பெர்மம் ஹாலிகாகாபம்’ என்று பதிவாகியிருக்கிறது. முன்பாதி கிரேக்கச் சொல். ‘இதய விதை’ என்று பொருள். பின்பாதி, காற்றடைத்த பை போன்ற உறையுள்ள வேறொரு செடிக்குப் பழங்கிரேக்கர் வழங்கிய பெயர். ஆக, பெயர் முழுவதும் கண்ணால் பார்த்து வைத்தது.

நம் பெயர் அப்படியன்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முடக்கு + அறுத்தான், முடக்கறுத்தான். மூட்டு முடக்கத்தை அறுப்பவன். சித்த வைத்தியர்கள் சொல்வதும் இதுதான், என் பாட்டி சொன்னதும் இதுதான். புழுங்கலரிசியோடு இந்தக் கீரையை அரைத்துத் தோசை வார்த்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே பெயருக்குப் பொருள் சொல்வார். மாவில் இருந்த கசப்பு கல்லில் வெந்ததும் பாதியாகிவிடும். அந்தத் தோசையை ருசித்து வளர்ந்த எனக்கு, அந்த விளக்கத்தைச் சந்தேகிக்கவே பல ஆண்டுகள் மனம் வரவில்லை.

சந்தேகத்தைக் கிளப்பியது ஒரே ஓர் எழுத்து. ஊர் வழக்கிலும் அகராதிகளிலும் முடக்கறுத்தான், முடக்கற்றான், முடக்கத்தான் என்ற வடிவங்களோடு முடக்கொற்றான், முடக்கொத்தான் என்ற வடிவங்களும் இருக்கின்றன. ‘ற்ற’ பேச்சில் ‘த்த’ ஆவது இயல்பு. காற்று காத்தாகிறது, நேற்று நேத்தாகிறது. ஆகவே முடக்கற்றான் முடக்கத்தான் ஆனதில் வியப்பில்லை. ஆனால் ‘கொ’ எங்கிருந்து வந்தது? அறுத்தானிலும் அற்றானிலும் அந்த ஒகரம் இல்லை.

கொற்றான் என்று தனியே ஒரு கொடிப்பெயர் உண்டு. இலையே இல்லாமல் மஞ்சள் நூல்போல் செடிகள்மேல் பின்னிப் படரும் ஒட்டுண்ணியைக் கிராமத்தில் கொத்தான் என்பார்கள். மரம் + கிளை, மரக்கிளை ஆவது போல முடம் + கொற்றான், முடக்கொற்றான் ஆகும். புணர்ச்சி விதியில் ஓர் இடறலும் இல்லை. முடம் என்றால் ஊனம் மட்டும்தானா? வளைந்த தென்னையை முடத்தெங்கு என்கிறோம். சுருட்டிய ஓலையை முடங்கல் என்றார்கள். வளைவும் சுருளும்தான் அந்த வேரின் அடிப்பொருள். இப்போது கொடியைப் பாருங்கள். பூக்காம்பின் உச்சியில், பூக்களுக்குச் சற்றுக் கீழே, இரண்டு பற்றுச்சுருள்கள் கொக்கிபோல் வளைந்து நிற்கும். வேலிக்கம்பைப் பிடித்து ஏறுவது அவற்றால்தான். சுருண்டு பற்றும் கொற்றான், முடக்கொற்றான்.

ஆக, நம் முன்னோரும் கண்ணால் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்பது என் முடிவு. மூட்டுவலிக்கு இக்கீரை பயன்பட்ட பிறகு அதே ஒலியை ‘முடக்கு அற்றான்’, ‘முடக்கு அறுத்தான்’ என்று காது வேறாகக் கேட்டிருக்கிறது. வைத்தியர்களின் விளக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நோயாளியின் நினைவில் மருந்தைத் தங்கவைத்தது அந்த விளக்கம்தான்.

இந்தக் கொடிக்கு இன்னும் பழைய பெயர் ஒன்று உண்டு: உழிஞை. பகைவரின் மதிலை வளைக்கப் போகும் படை சூடிய பூ. தொல்காப்பியத்தில் அந்தப் போருக்கே அதன் பெயர்தான். உழிஞை எந்தச் செடி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; சிறுபூளை என்பவர்களும் இருக்கிறார்கள். அதை ஏற்க எனக்கு வழியில்லை. பதிற்றுப்பத்து உழிஞையைக் கொடி என்கிறது, சிறுபூளை கொடியன்று. பதிற்றுப்பத்து சேரரைப் பாடிய நூல். அந்தச் சேரநாட்டில் இன்றும் முடக்கத்தானுக்குப் பெயர் உழிஞ்ஞதான். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’ நூலிலும் அந்தப் பெயரே இருக்கிறது. கேரளத்தின் பத்துப் பூக்களின் பட்டியலான தசபுஷ்பத்தில் உழிஞ்ஞயும் சிறுபூளையும் தனித்தனியே இடம்பெறுகின்றன. இரண்டையும் ஒன்றாக்க இடமே இல்லை. மதில் வளைப்பவனுக்கு இந்தக் கொடி ஏன் அடையாளமானது என்று கேட்டால், மழைக்காலத்தில் ஒரு வேலியைக் காட்டுவேன். சுற்றி வளைத்து, பற்றி ஏறி, உச்சியைப் பிடித்த பிறகுதான் அது நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், திருவாதிரைக்கு முந்தைய நாள், பாலக்காட்டுப் பக்கம் ஒரு வயல்வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர், மறுநாள் தலையில் சூடுவதற்கான பத்துப் பூக்களைத் தேடி வேலியோரம் பறித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்ததைக் காட்டிப் பெயர் கேட்டேன். “உழிஞ்ஞ” என்றார். சங்கப் பாட்டின் சொல்லை முதல்முறையாக ஒருவர் வாயால் கேட்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் ஊரில் என்ன பெயர் என்று திருப்பிக் கேட்டார். முடக்கத்தான் என்றேன். அவர் அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, “இதுக்கா?” என்றார்.