எங்கே மிகுதி உரிமை?

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டிச் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கு மேடைப் பழக்கம் குறைவு, பிழையிருப்பின் பொறுத்தருள்க.

அமெரிக்க ஆய்வாளர் சிலர், தம் நாட்டின் 50 மாநிலங்களையும் தனிமனித உரிமை, பொருளாதார உரிமை என்னும் இரு கோல்களால் அளந்து வரிசைப்படுத்துகின்றனர். கூலிக்கு மாநில வரியும், பொது விற்பனை வரியும் இல்லாத நியூ ஹாம்ப்ஷயர் அண்மைப் பட்டியல்களில் முதலிடம் பெற்றது; நியூயார்க் கடைசியில் நின்றது. ஆனால் 2025-இல் குறைந்தபட்சக் கூலி நியூயார்க் நகரில் மணிக்கு 16.50 டாலர், நியூ ஹாம்ப்ஷயரிலோ 7.25 டாலரே. அப்படியாயின் உரிமை என்பது எவருக்கு உரிமை?

விடை தேடி அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. முன்னாளில் கோட்டைக் கொச்சி, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாம் கூடியிருக்கும் மட்டாஞ்சேரி, கொச்சி மன்னருடையது. எல்லையைக் கடந்தால் சட்டம் மாறும். திருவிதாங்கூரில் 1936-இல் இந்துக்கள் அனைவருக்கும் திறந்த கோயிற்கதவு, கொச்சியில் 1948-இல்தான் திறந்தது. பாலியத்தில், சாலையில் நடக்கும் உரிமைக்கே 1947 டிசம்பரில் அறப்போர் தொடங்க வேண்டியிருந்தது.

அடுத்து நம் துறைமுகத்தைக் காண்போம். அந்நாளில் வேலை தேடி நின்ற கூட்டத்தினிடையே 'சாப்பா' என்னும் வில்லைகளை வீசியெறிந்தனர். முண்டியடித்துப் பற்றியவனுக்கு அன்று கூலி, மற்றவனுக்குப் பட்டினி. வீசுபவனுக்கு முழு உரிமை, பொறுக்குபவனுக்கு ஒன்றுமில்லை. இம்முறையை எதிர்த்த தொழிலாளர்மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போராட்டத்தில் மூவர் உயிர் நீத்தனர்.

காலம் மாறிற்று. தொழிலாளர் சங்கங்கள் வலுப்பெற்றன. சுமட்டுத் தொழிலாளர் சட்டமும் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் வீடு மாறியபோது, நம் இரும்புப் பெட்டியை நாமும் மைத்துனரும் இறக்கினோம். பார்த்து நின்ற சிலர் 'நோக்குகூலி' கேட்டனர், கொடுத்தோம். அன்றிரவு மனம் கசந்து, "நம் பெட்டியைத் தூக்க நமக்கு உரிமையில்லையா?" என்று அண்டை வீட்டுப் பெரியவரிடம் முறையிட்டோம். அவர், "நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் என் தந்தை சாப்பாவுக்காக மண்ணில் உருண்டவர். அதையும் நினையுங்கள்" என்றார். நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் தடைசெய்தது, அது முறையே. எனினும் பெரியவர் சொல்லை நாம் மறக்கவில்லை.

2022-23-இல் ஊர்ப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் ஏறத்தாழ 852 ரூபாய். தமிழ்நாட்டில் 501 ரூபாய் என்கிறது ரிசர்வ் வங்கிக் கணக்கு. எங்கும் சென்று வாழவும், தொழில் செய்யவும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு உரிமை தருகின்றது. அவ்வுரிமையால் நாம் இங்கே வந்தோம். இன்று வங்காளத்துத் தம்பியும் அசாமியத் தம்பியும் வருகின்றனர்.

அன்பர்களே! மாநிலங்களை அளக்குமுன் நம் கடைகளை அளப்போம். நம்மிடம் வேலைசெய்யும் அத்தம்பி, ஒப்பிய கூலியை உரிய நாளில் பெறுகின்றானா? விடுப்புக் கேட்க அஞ்சாது நிற்கின்றானா? அவன் நிமிர்ந்து நிற்கும் இடமே உரிமை மிக்க இடம் என்று கூறி அமர்கின்றோம்.